மெஷின் வருகிறது, ஆட்கள் முரண்டு பிடிக்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவை வட்டாரத்தில் ஒரு கம்பெனிக்குள் புது மெஷினோ புது சாஃப்ட்வேரோ இறங்கும்போது ஆட்களோடு உட்கார்ந்து பேசுவது என் பிழைப்பு. முதலாளிகளும் ஃபேக்டரி மேனேஜர்களும் ஹெச்.ஆர். பிள்ளைகளும் போன் போட்டுக் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் பனியன் கம்பெனி உதாரணங்களாக இருக்கும். மில்லோ ஆபீஸோ நடத்துகிறவர்கள் தங்கள் இடத்துக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

புது மெஷின் வந்தால் அவர்களுக்கும் வேலை சுலபம்தானே? பிறகு ஏன் எதிர்க்கிறார்கள்?

சுலபம் என்பது உங்கள் கணக்கு. அவர்களுடைய கணக்கு வேறு. கூலி குறையுமா, ஆளைக் குறைப்பார்களா, இத்தனை வருஷம் பழகிய கைக்கு இனி மரியாதை இருக்குமா. இந்தக் கேள்விகளை யாரும் உங்கள் அறைக்கு வந்து வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ‘மெஷின் சரியில்லை’ என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் சில சமயம் மெஷின் நிஜமாகவே சரியாக வராது. ஒரு பனியன் கம்பெனியில், துணியைத் தானாக வெட்டுகிற ஆட்டோ கட்டர் இறக்கினோம். அங்கே கட்டிங் மாஸ்டருக்கு இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். மெஷினைப் பார்த்த அன்றே, “இது நம்ம துணிக்கு ஆகாதுங்க” என்றார். முதலாளி அதை முரண்டு என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வாரம் இழுத்தால் நீளுகிற லைக்ரா கலந்த துணி. ரோலிலிருந்து நேராக விரித்து, வெட்டி, பண்டில் கட்டித் தையல் லைனுக்கு அனுப்பியாயிற்று. மறுநாள் காலையில் தைக்க எடுத்தால் முன்பக்கமும் பின்பக்கமும் சேரவில்லை. பேனல் சுருங்கியிருந்தது. பின்னல் துணி ரோலில் இழுபட்டபடி இருக்கும். பிரித்துப் போட்டு ஆறவிட்டால்தான் தன் அளவுக்குத் திரும்பும். கையால் வெட்டிய காலத்தில் மாஸ்டர் முந்தின நாள் சாயங்காலமே ரோலைப் பிரித்து மேஜைமேல் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்த வேலைக்கு அங்கே யாரும் பெயர் வைக்கவில்லை, நேரம் ஒதுக்கவில்லை, ஒரு பேப்பரிலும் எழுதி வைக்கவில்லை. நாங்கள் போட்ட புது டைம் கணக்கிலும் அது இல்லை. ‘ஆகாது’ என்று அவர் சொன்னதில் பாதி பயம், பாதி தகவல். பயத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு தகவலை விட்டுவிட்டோம்.

இப்போதெல்லாம் யாராவது ஆகாது என்றால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எந்த இடத்துல ஆகாதுங்ண்ணா?” இடத்தைக் காட்டினால் அது தகவல். காட்டாமல் மழுப்பினால் பயம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எங்கள் ஆட்கள் எதிர்க்கவே இல்லை. எல்லோரும் சரி சரி என்கிறார்கள். அப்போது பிரச்சினை இல்லைதானே?

அங்கேதான் எனக்குப் பயம் வரும். கத்துகிறவரிடம் பேசிவிடலாம், தலையாட்டுகிறவரிடம் என்ன பேசுவது?

நான் பார்த்த தலையாட்டல்களைச் சொல்கிறேன். பண்டில் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்ய வேண்டிய இடத்தில், ஷிஃப்ட் முடிகிறபோது மொத்தமாக ஸ்கேன் செய்தார்கள். ஸ்கிரீனில் காலை முழுக்கப் பூஜ்யம், சாயங்காலம் திடீரென்று ஆயிரம். இன்னோரிடத்தில் சென்சார்மேல் டேப் ஒட்டியிருந்தது. ஸ்டோர்ஸில் சாஃப்ட்வேர் ஒரு ஸ்டாக் சொல்லும், மேஜை டிராயரில் இருந்த நீளநோட்டு வேறொரு ஸ்டாக் சொல்லும். எல்லோரும் நம்பியது நோட்டை. எங்கேயும் யாரும் எதிர்ப்பு என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் வேறு கம்பெனிக்கு ஓடிவிடுவார்களே? மெஷின் வந்திறங்கிய பிறகு சொன்னால் போதாதா?

திருப்பூரில் இந்தப் பயம் நியாயமானதுதான். பக்கத்துத் தெருவிலேயே வேலை கிடைக்கிற ஊர். ஆனால் சொல்லாமல் விட்டால்தான் அதிகம் ஓடுவார்கள் என்பதற்கு ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. அதுவும் நம்மைப் போன்ற தையல் கம்பெனியிலிருந்து.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்றொரு பைஜாமா கம்பெனி. பீஸுக்கு இவ்வளவு கூலி என்கிற பீஸ் ரேட் வேலை, பெரும்பாலும் பெண்கள். வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழுவதும் ஆட்கள் வேலையை விட்டு நிற்பதும் அங்கே தீராத தலைவலி. லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அதை வைத்து ஒரு சோதனை செய்து 1948ல் வெளியிட்டார்கள். மாற்றம் என்றால் பிரமாதமான ரோபோ எதுவும் இல்லை. அயர்ன் செய்கிற ஒரு குழு அதுவரை பைஜாமாவை அரை டஜனாக ஓர் அட்டைமேல் அடுக்கியது. இனிமேல் அரை டஜனாக ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு டஜனுக்கு 2 நிமிஷம் கூடுதலாகவும் கொடுத்தார்கள்.

இந்தக் குழுவுக்கு வழக்கம்போல மீட்டிங் போட்டு, மாற்றம் இது, புது ரேட் இது என்று அறிவித்தார்கள். முதல் 40 நாளில் 17% பேர் வேலையை விட்டார்கள். இருந்தவர்களின் உற்பத்தியும் ஏறவே இல்லை. வேறு குழுக்களில், செலவு ஏன் குறைய வேண்டும் என்று பொருளைக் கையில் கொடுத்துக் காட்டினார்கள். புது முறையையும் ரேட்டையும் வகுப்பதில் அவர்களையே சேர்த்தார்கள். அங்கே ஒருவர்கூட வேலையை விடவில்லை. முழுதாகச் சேர்த்துக்கொண்ட குழுக்கள் பழைய அளவைவிட 14% வரை அதிகம் செய்தன.

எனக்குப் பிடித்தது இதன் பிற்பகுதி. முதல் குழுவில் மிஞ்சியவர்களை இரண்டரை மாதம் கழித்து மறுபடி இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள், இந்த முறை கூடப் பேசி. மளமளவென்று பிடித்துக்கொண்டார்கள். மனிதர்கள் அதே ஆட்கள்தான். ‘எங்க ஆளுங்க குணமே அப்படிங்க’ என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த அயர்னிங் குழு ஞாபகம் வரும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் நாட்டில் இப்படி எங்கே நடந்திருக்கிறது?

நீங்கள் கணக்கு வைத்திருக்கிற வங்கியில்.

கம்ப்யூட்டருக்கு முந்தைய வங்கியை நாற்பதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பார்கள். பித்தளை டோக்கன், ஆளுயர லெட்ஜர், ஜூனிலும் டிசம்பரிலும் வட்டிக் கணக்கு. பேலன்ஸ் ஒரு பைசா உதைத்தால் அதைக் கண்டுபிடிக்க ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார்கள். இந்த வேலைக்கு மெஷின் வேண்டும் என்று நிர்வாகம் நினைத்தது இயல்பு. வந்தால் நம் கதி என்ன என்று ஊழியர் கேட்டதும் இயல்பு. அதற்கு முன்பே, 1960களில், கல்கத்தாவில் எல்.ஐ.சி. அலுவலகத்துக்கு வரவிருந்த கம்ப்யூட்டரை உள்ளே விடமாட்டோம் என்று ஊழியர்கள் காவல் இருந்து போராடிய வரலாறு எல்லோர் மனசிலும் இருந்தது.

வங்கிகள் வேறு வழியில் போயின. 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. மெஷின் எந்த வகை, எந்த வேலைக்கு என்பதெல்லாம் பேசி எழுதப்பட்டது. மெஷினை இயக்குகிறவருக்குத் தனிப் படி வந்தது. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, எங்கே எப்படி இயந்திரமயமாக்குவது என்று 1984ல் அறிக்கை கொடுத்தது; 1989ல் இரண்டாவது அறிக்கை. இடையில் 1987லும் பிறகு 1993லும் மறுபடி ஒப்பந்தங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் பேப்பர் வந்தது, பிறகுதான் மெஷின் வந்தது.

இதை முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆமை வேகம். 1994ல் புதிதாக உருவான தனியார் வங்கிகள் பிறக்கும்போதே கம்ப்யூட்டரோடு பிறந்து, நகரத்து வாடிக்கையாளர்களை அள்ளிக்கொண்டு போயின. கடைசியில் ஊழலைத் தடுக்கும் வேலையில் இருந்த மத்திய கண்காணிப்பு ஆணையர் என். விட்டல், 2001 ஜனவரிக்குள் வணிகத்தில் 70 சதவீதத்தையாவது கம்ப்யூட்டருக்குள் கொண்டுவா என்று வங்கிகளை விரட்ட வேண்டியிருந்தது. ஆட்களைக் குறைத்ததும் விருப்ப ஓய்வு மூலமாகத்தான்: 2000–01ல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் 1 லட்சம் பேர் தொகை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பேசிப் பேசிப் போனதில் வருஷங்கள் கரைந்தது உண்மை. ஆனாலும் பிற்பாடு எல்லாக் கிளைகளையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைக்கிற கோர் பேங்கிங் வந்தபோது, கிளைகளை நடத்திக்கொண்டே அதை ஓட்டியவர்களில் எத்தனையோ பேர் அதே பழைய லெட்ஜர் கிளார்க்குகள்.

உங்களுக்கு இருபது வருஷம் தேவையில்லை. இருநூறு பேர் கம்பெனிக்கு இரண்டு மாதம் போதும். ஆனால் வரிசை அதேதான்: முதலில் பேப்பர்.

அந்தப் பேப்பரில் என்ன எழுதுவது?

தொண்ணூறு சதவீதம் கம்பெனிகள் ‘யாரும் கவலைப்பட வேண்டாம்’ என்று எழுதுகின்றன. அதைப் படித்த பிறகுதான் எல்லோரும் கவலைப்பட ஆரம்பிக்கிறார்கள். எண்ணும் தேதியும் எழுதுங்கள். ஒரு கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“ஆட்டோ கட்டர் தை மாதம் ஓட ஆரம்பிக்கும். கட்டிங்கில் இப்போது 14 பேர் இருக்கிறீர்கள். இந்த மெஷினால் யாருக்கும் வேலை போகாது. 6 பேர் மெஷினில் இருப்பீர்கள். 5 பேர் துணி செக்கிங்குக்கும் விரிப்பதற்கும், 3 பேர் சாம்பிள் கட்டிங்குக்கும் போவீர்கள். யார் எங்கே என்பதை மார்கழி 15க்குள் உங்களோடு பேசி முடிவு செய்வோம். முதல் 3 மாதம் யாருடைய வாரச் சம்பளமும் இதற்கு முந்தைய 3 மாத சராசரிக்குக் கீழே போகாது. அதற்குப் பிறகு ரேட் பேசுவோம்.”

கடைசி வரிக்கு முதலாளி தயங்கினார். பிறகு பேசுவோம் என்றால் இப்போதே சந்தேகம் வராதா என்றார். வரும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று எழுதினால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள்.

இப்படி எழுதிக் கொடுப்பதற்குச் செலவு உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் பல வருஷம் மெஷினை விடாமல் பிடித்துவைத்திருந்தார்கள். 1960ல் அவர்கள் சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் வேறு கணக்குப் போட்டார்: மெஷினை விடுகிறோம், லாபத்தில் பங்கு கொடு. முதலாளிகள் வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் ஒரு நிதியில் போடச் சம்மதித்தார்கள். பதிவுபெற்ற நிரந்தரத் தொழிலாளிக்கு வேலை உத்தரவாதம், சீக்கிரம் ஓய்வு பெற விரும்புகிறவருக்குப் பணம். மெஷின் மிச்சம் பிடித்துக் கொடுப்பதில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் கொடுக்க மனசில்லை என்றால், எதிர்ப்பு ஏன் வருகிறது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை.

பீஸ் ரேட்டை எப்போது குறைக்கலாம்?

அவசரப்படாதீர்கள். மெஷின் வந்த அடுத்த மாதமே ரேட்டைக் குறைத்தால், அடுத்த மெஷினில் யாரும் தன் முழு வேகத்தை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று டைம் எடுக்க ஆள் நின்றால் கை தானாக மெதுவாகிவிடும். இது எல்லாத் தையல் லைனிலும் நடக்கிறது. ரேட் மாறியே ஆக வேண்டும் என்றால் டைம் எடுக்கும்போது அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

ஐம்பது வயதுக்காரர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்.

கற்றுக்கொள்ள மாட்டேன் என்பதில்லை, சின்னப் பையன்கள் முன்னால் தப்புச் செய்ய மாட்டேன் என்பதுதான் விஷயம். பேக்கிங்கில் ஓர் அக்கா ஸ்கேனரைத் தொடவே மாட்டார். டிரெய்னிங் நாளில் இருபத்தைந்து பேர் நடுவே அவரைக் கூப்பிட்டு ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். தலைகீழாகப் பிடித்தார், எல்லோரும் சிரித்தார்கள், முடிந்தது கதை. பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவருக்குப் பழக்கமான இன்னோர் அக்காவை விட்டுத் தனியாகச் சொல்லிக் கொடுக்கச் சொன்னோம். போனில் பேத்தியோடு வீடியோ கால் பேசுகிறவருக்குச் சிவப்பு வெளிச்சத்தைக் கோட்டின்மேல் காட்டுவதா கஷ்டம்? ரெண்டு நாள்தான்.

மெஷின் விற்றவர் அனுப்புகிற பையன் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். லைனிலிருந்தே ரெண்டு பேரை முதலில் தயார் செய்யுங்கள். அவர்களுக்கு அந்த நாட்களில் உற்பத்தி டார்கெட் வைக்காதீர்கள். டார்கெட்டும் டிரெய்னிங்கும் ஒரே நாளில் வைத்தால் டார்கெட்தான் ஜெயிக்கும்.

ஆட்களில் பாதி வட மாநிலத்தவர்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது?

அவர்கள் மொழியில். நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டிவிட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டோம் என்பார்கள். ஒடிசாக்காரருக்கு ஒடியாவில், பீகார்க்காரருக்கு இந்தியில் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு போதும். காண்ட்ராக்டர் மூலமாக மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஆள் எண்ணிக்கை குறைந்தால் அவருடைய கமிஷனும் குறையும், அதனால் அவர் சொல்கிற செய்தி வேறாகத்தான் இருக்கும்.

தொழிலாளர்கள் பரவாயில்லை, சூப்பர்வைசர்கள்தான் இழுத்தடிக்கிறார்கள். ஏன்?

ஏனென்றால் அதிகம் இழப்பது அவர்கள். எந்த லைனில் எத்தனை பீஸ் நிற்கிறது, யார் லீவு, எது லேட் என்பதெல்லாம் இத்தனை நாள் அவர் தலையில் இருந்தது. முதலாளி அவரைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். இப்போது அது முதலாளியின் போனிலேயே தெரிகிறது. மரியாதையின் பாதி போய்விட்டது. போதாக்குறைக்கு, முன்னால் அவர் சமாளித்து மறைத்த சின்னத் தப்புகளும் ஸ்கிரீனில் வந்துவிடுகின்றன.

இதற்கு நான் செய்வது: முதல் இரண்டு மாதம் அந்த ஸ்கிரீன் சூப்பர்வைசருக்கு மட்டும். முதலாளிக்கு வேண்டியதை அவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். முதலாளிகளுக்கு இது பிடிப்பதில்லை. காசு கொடுத்தது நான் என்பார்கள். ஆனால் காலை எட்டரைக்கு வீட்டிலிருந்தே போன் போட்டு “மூணாவது லைன் ஏன் நிக்குது?” என்று நாலு நாள் கேட்டுப் பாருங்கள். அஞ்சாவது நாள் ஸ்கிரீனில் எந்த லைனும் நிற்காது. லைன் என்னவோ நிற்கத்தான் செய்யும்.

சட்டப்படி முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

ஆள் குறைப்புக்கு வழிவகுக்கிற இயந்திர மாற்றம் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 1947ம் வருஷத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே 9ஏ பிரிவு அதைச் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் தனி. பெரிய தொழிற்சாலைகளுக்கு அரசின் முன் அனுமதியும் தேவை. அந்த வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்திருக்கிறது. உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதைத் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள். 21 நாள் என்பது சட்டத்துக்குப் போதும், ஆட்களுக்குப் போதாது.

ஆட்குறைப்பு உண்மையிலேயே தேவைப்படுகிறது. அதை எப்படிச் சொல்வது?

ஒரே தடவையில், முழு எண்ணிக்கையோடு. மாதம் நாலு பேராக அனுப்பினால் மீதி எல்லோரும் ஒவ்வொரு மாதமும் அடுத்தது நானா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. பனியன் தொழிலில் ஆட்கள் தாங்களாகவே நிற்பது சகஜம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்த் திரும்பாதவர்களை எண்ணினாலே பல கம்பெனிகளில் குறைக்க வேண்டிய கணக்கு வந்துவிடும். ஆறு மாதம் புது ஆள் எடுக்காமல் இருந்து பார்த்தீர்களா?

இன்னொன்று: மெஷின் வந்தால் ஆள் குறையும் என்பது எப்போதும் நேர்க்கோடு இல்லை. அமெரிக்காவில் ஏ.டி.எம். பரவியபோது ஒரு கிளைக்கு வேண்டிய காசாளர்கள் 1988ல் 20 பேர், 2004ல் 13 பேர். ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் நகரங்களில் 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல் கிளைகள் திறந்தன. மொத்தக் காசாளர் எண்ணிக்கை விழவில்லை. பிற்பாடு மொபைல் வங்கிச் சேவை வந்த பிறகு விழ ஆரம்பித்தது. இதைச் சொல்லி ஆட்களுக்குத் தைரியம் கொடுப்பதாக இருந்தால் பிற்பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆபீஸில் ஏ.ஐ. கொண்டுவருகிறோம். அங்கேயும் இதே முறைதானா?

பெரும்பாலும். கூடுதலாக ஒரு பயம் உண்டு: மெஷின் போட்ட மெயிலில் விலை தப்பாகப் போனால் திட்டு யாருக்கு? ஆர்டர்களைக் கவனிக்கிற ஒரு மெர்ச்சண்டைசர் பெண் என்னிடம் நேராகவே கேட்டார், “அது எழுதும், நான் மாட்டிக்கணுமா சார்?” சரக்கு வாங்குகிற பையருக்குப் போகிற மெயிலை யார் சரிபார்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்படும், தவறினால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். சரிபார்க்க நேரம் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அந்த ஏ.ஐ. பக்கமே யாரும் போக மாட்டார்கள்.

மாற்றம் நிலைத்துவிட்டது என்று எப்போது தெரியும்?

டிராயரைத் திறந்து பாருங்கள். பழைய நீளநோட்டில் கடைசியாக எழுதிய தேதி என்ன? நேற்று என்றால் இன்னும் நிலைக்கவில்லை. நோட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். சாஃப்ட்வேரில் இல்லாத எதை அதில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

முதலில் சொன்ன அந்தக் கட்டிங் அறையில் இப்போது ஸ்கிரீனில் ‘ரோல் பிரித்த நேரம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பி, துணி ஆற வேண்டிய நேரம் முடிந்தால்தான் ஆட்டோ கட்டருக்கு வெட்டும் ஆர்டர் போகும். கட்டம் வைக்கச் சொன்னவர் மாஸ்டர். லைக்ராவுக்கு எத்தனை மணி, சாதாரண சிங்கிள் ஜெர்சிக்கு எத்தனை மணி என்ற பட்டியலும் அவர் சொல்லித்தான் ஏற்றினோம். போன மாதம் போனபோது அவசர ஆர்டர் என்று மேனேஜர் அந்தக் கட்டத்தைத் தாண்டப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “மெஷின் ஒத்துக்காதுங்க” என்றார்.